ராணுவ லாரியிடம் கேட்ட கடிதம்

பெயர் சேஷாசலம், தகப்பனார் பெயர் வைத்திலிங்கம், வயது 54, சொந்த ஊர் காரைக்கால், தற்போது வியட்நாமில் கான் ஹொய் பகுதியில் வாடகைக் குடியிருப்பு. பின் யுவோங்கில் ஒரு காலணித் தொழிற்சாலையில் நிர்வாக மேலாளராக இருக்கிறேன். வாசல் கதவு என் பொறுப்பு. அதற்கு முன் காரைக்கால் துணை ஆட்சியர் அலுவலகத்தில் இருபத்தொரு வருடம் எழுத்தராக இருந்தேன்.

12.3.2009 அன்று பகல் பன்னிரண்டரை மணிக்கு, சோறு ஊசிப்போயிருந்ததால் தொழிலாளர்கள் நானூறு பேர் தட்டைக் கவிழ்த்துவிட்டு முற்றத்தில் உட்கார்ந்தார்கள். அதன் பிறகு முதலாளி சோமசுந்தரம் வந்து சத்தம் போட்டார். அதன் பிறகு இரண்டு ஜன்னல்கள் உடைந்தன. அந்நேரம் வாசலில் ஒரு ராணுவ லாரி வந்து நின்றது. சீருடையைக் கண்டதும் உட்கார்ந்திருந்தவர்கள் செங்கல்லோடு எழுந்தார்கள்.

"பட்டாளம் வந்துருச்சு, கேட்டைத் தொறய்யா!" என்றார் முதலாளி.

"மாஜிஸ்திரேட் கடுதாசி இல்லாம தொறக்க மாட்டேங்க" என்றேன்.

மாஜிஸ்திரேட் எழுதிக் கேட்காமல் எங்கள் ஊரில் பட்டாளம் கூட்டத்தைக் கலைக்க இறங்காது. அந்தக் கடிதத்தின் மாதிரியைக் கோப்பில் வைத்திருந்தவன் நான். இது எந்த நாடு என்பதே மறந்துபோய், சிறுகதவு வழியாக வெளியே சென்று, லாரிக்கு முன்னால் நின்று கை நீட்டிக் கடிதம் கேட்டேன்.

அதன் பிறகு சமையற்கூடப் பொறுப்பாளர் ரோஸ் ஓடிவந்தார். அவருடைய தகப்பனாரும் காரைக்கால்காரர். லாரியில் வந்த அதிகாரியிடம் வியட்நாமியத்தில் பேசிவிட்டுச் சிரித்தார்.

"அண்ணே, முகாம்ல வளக்குற பன்னிக்குச் சோறு எடுக்க வந்துருக்காங்க. யாரும் திங்கலைன்னு நாந்தான் போன் பண்ணேன். எப்பவும் பின்வாசல்ல வர்ற லாரிண்ணே."

ராணுவத்தினரை உள்ளே விட்டுக் கூட்டத்தைக் கலைக்கச் சொல்லும்படி முதலாளி ரோஸிடம் கூறினார். தனக்குள்ள உத்தரவு சோற்றுக்குத்தான் என்றும், மேலிருந்து வேறு உத்தரவு வராமல் உள்ளே காலடி வைக்க மாட்டேன் என்றும் அதிகாரி பதில் சொன்னார். ரோஸ் அதைக் கூட்டத்துக்கும் உரக்கச் சொன்னார். கல்லைக் கீழே போட்டுவிட்டு, தொழிலாளர்களே ஐந்து பீப்பாய் சோற்றையும் வாசலுக்கு உருட்டிவந்து ஏற்றிவிட்டார்கள். அதன் பிறகு புதிதாக உலை வைக்கப்பட்டது. மூன்று மணிக்கு அவர்களோடு உட்கார்ந்து நானும் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

சொத்தைக் காக்க வந்த ராணுவத்தை நான் மறித்ததாக முதலாளி போலீசில் புகார் கொடுத்திருக்கிறார். மறித்தது உண்மை. இதனால் வேலை போய், என்னை ஊருக்கு அனுப்பக்கூடும் என்பதும் தெரியும். பன்றிச்சோற்று லாரியிடம் கடிதம் கேட்டது அசட்டுத்தனம்தான். ஆனால் அன்று நானூறு பேரும் காயமில்லாமல் வீடு போனார்கள். எனக்கு மனம் நிறைவாக இருக்கிறது. நாளைக்கு வேறு லாரி வந்தாலும் முதலில் கடிதம்தான் கேட்பேன்.

இந்த வாக்குமூலத்தை மொழிபெயர்ப்பாளர் ஜோசெட் வாசித்துக் காட்டக் கேட்டேன். இதில் உள்ளதெல்லாம் நான் சொன்னதே, சொன்னதெல்லாம் மெய்யே.

(ஒப்பம்) வை. சேஷாசலம்