ஆதரிக்கிறவை ஆர்?

லூயிஷாமில் ரயில் ஏறிய இரண்டு பெண்கள் என் எதிரில் அமர்ந்தார்கள். முதியோர் இல்லத்துச் சீருடை. ஒட்டுக்கேட்பது பிழைதான், ஆனால் இளையவள் தொடங்கிய விதத்துக்கு யார்தான் காதைப் பொத்துவார்?

"அக்கா, நான் இல்லாட்டில் இனிப் பார்லிமெண்ட் நடக்காது."

"எந்தப் பார்லிமெண்ட்?"

"எங்கடை இல்லத்திலை இருக்கிற பிலிப்பைன்ஸ் ஐயாவின்ரை. முதல் ஊர் மேயராம், பிறகு செனட்டராம், கடைசியிலை சபைக்கே தலைவராம். ஆட்சி மாற இஞ்சை ஓடிவந்தவர்."

"ஆரும் பார்க்க வாறேல்லையோ?"

"நான் ஒருத்தரையும் காணேல்லை. சாப்பாட்டு மேசையிலை கரண்டியாலை தட்டிச் சபையைக் கூட்டுவார். ஏதாவது தீர்மானம் வாசிச்சு, 'ஆதரிக்கிறவை ஆர்?' எண்டு கேட்பார். மற்றச் சனம் பேசாமல் சூப் குடிக்கும். நான்தான் 'ஓம்' எண்டுவன். அவையின்ரை பாசையிலையும் ஆமெண்டுறதுக்கு 'ஓஓ' எண்டுறதாம், அதாலை எங்கடை 'ஓம்' அவருக்கு விளங்கும்."

"இண்டைக்குக் கடைசி ஷிப்ட் எண்டு சொன்னியோ?"

"சொன்னனான். உடனை கரண்டியாலை தட்டினவர். இந்தப் பிள்ளை போகக்கூடாதெண்டு தீர்மானம்."

மூத்தவள் கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"நீ என்ன சொன்னனி?"

"என்னெண்டு ஓம் எண்டுறது, அக்கா? மோர்டனிலை வேலை எடுத்தாச்சு. நான் வாயே திறக்கேல்லை."

"பாவம். பிறகு?"

"மேசையைச் சுத்திவரப் பார்த்தார். பிறகு மெல்லத் தன்ரை கையைத் தூக்கினார். தன்ரை காரியத்துக்குத் தானே வோட்டுப் போடக்கூடாதெண்டு சொல்லி, இறக்கிப்போட்டார்."