பாக்கு வெட்டிய கை

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் கம்பனி பஸ் அன்று பதினொரு நிமிடம் பிந்திப் புறப்பட்டது. முப்பது பேருக்கான இடத்தில் நாற்பத்துமூன்று பேர் இருந்தோம். எனக்கு முன் ஆசனத்தில் ஒரு தாய், அவருடைய கலியாண வயது மகள், தாயின் தங்கை ஆகிய மூவர்.

"புள்ள பாக்கை இடக்கையால வெட்டினாளாம். அதுக்கு எழும்பிப் போயிட்டாள்," என்றார் தாய்.

"ஆரு ராத்தா, பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளைட உம்மாவா?" என்று அக்காவைக் கேட்டார் தங்கை.

"ஓம். வெத்திலை வட்டாவ இவள் வலக்கையாலதான் நீட்டினாள். சோறும் வலக்கையாலதான் தின்னுறாள், நான் அடிச்சுப் பழக்கினன். பாக்குவெட்டி மட்டும் அந்தக் கைக்குப் படியுதில்ல."

"மாப்பிள்ளை நம்மட வூட்டுலதானே வந்து இருக்கப் போறான்? நம்மட வூட்டுல எந்தக் கையால வெட்டினா அந்த மனிசிக்கென்ன?"

"அதைத்தான் நானும் கேக்கிறன். வூட்டை மூணு தரம் சுத்திப் பாத்தாள். கிணத்தையும் எட்டிப் பாத்தாள். ஒரு குறையும் சொல்லல்ல. அந்தச் சுவரெல்லாம் இவள் தறியில நெய்து உழைச்சுக் கட்டினது. எந்தக் கையால நெய்தாள் எண்டு கேட்டாளா?"

காரைதீவு வருவதற்குள் 'இடக்கை' என்று அவர் ஒன்பது தடவை சொல்லிவிட்டார்.

"வெள்ளிக்கிழமை வேற ஆக்கள் வாறாங்க. பாக்கை முன்னமே வெட்டி வச்சிருவம்," என்றார் தங்கை.

நடுவில் இருந்த மகள் அப்போதுதான் வாய் திறந்தாள்.

"வைக்காதீங்க சாச்சி. அவங்களுக்கு முன்னால இருந்தே வெட்டுவன். எழும்பிப் போறவங்க நிக்காஹுக்கு முதலே எழும்பிப் போகட்டும்."