பெட்டிக்குள் பேசியது

காலையில் எழுந்ததும் பேட்டரிகளைச் சார்ஜில் போடுவேன். பல் துலக்குவேன். ஒரு முட்டை வேகவைத்துத் தின்பேன். சட்டையை மாட்டி, பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கதவைப் பூட்டுவேன். இன்றும் அப்படித்தான் கிளம்பி உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

நான் சினிமாவில் ஒலிப்பதிவு செய்பவன். அந்த நகைச்சுவைப் படத்தில் இசைக்குழுவின் மேனேஜராக நடித்தவள் என் மனைவி. முடிவு உங்களுக்குத் தெரிந்திருக்கும். படம் முழுக்க நாயாய் அலைந்து குழுவுக்கு ஒரு மேடை பிடித்துக் கொடுப்பாள். கடைசியில் டிரம் பெட்டிக்குள் அவளே மாட்டிக்கொள்வாள். பையன்கள் தெரியாமல் பூட்டி, மேடைக்குத் தள்ளி வந்து, அதன்மேல் ஏறி நின்று பாடுவார்கள். உள்ளிருந்து தட்டுவாள். யாருக்கும் கேட்காது.

அன்று அவள் சட்டைக்குள் மைக்கை ஒட்டினேன். பாக்கெட்டில் ஏதோ உரசியது. அவளுடைய இன்ஹேலர். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இழுப்பு உண்டு.

"அதக் குடு. மைக்குல கடகடன்னு விழுது."

"வீட்ல தொண்ட கிழியக் கூப்பிட்டாலும் உங்க காதுல ஏறாது. இங்க மட்டும் பாம்புக் காது" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தாள். என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

சத்தம் சரியில்லை என்று கையைத் தூக்கி முதல் இரண்டு டேக்கையும் நிறுத்தியது நான்தான்.

"யோவ் சவுண்டு, இன்னொரு தடவ கையத் தூக்கின, உன்னத்தான் உள்ள வச்சுப் பூட்டுவேன்" என்றார் டைரக்டர். எல்லோரும் சிரித்தார்கள். அவளும்.

பெட்டியின் உள்ளே புது ஸ்பாஞ்ச் ஒட்டியிருந்தார்கள். பசை காயாமல் நெடியடித்தது. வெளியே பாட்டு காதைப் பிளந்தது. அவள் குரல் என் ஹெட்ஃபோனுக்கு மட்டும் வந்தது. வசனத்தைப் பாதியில் விட்டாள். மூச்சு விசிலடிக்கத் தொடங்கியது. நடிப்பென்று நினைத்ததாகச் சொல்லலாம். ஆனால் அது தினமும் என் பக்கத்தில் படுத்திருந்த மூச்சு.

பாட்டில் ஒரு சரணம்தான் பாக்கி. ஒலி அவ்வளவு சுத்தமாக விழுந்துகொண்டிருந்தது. நான் கையைத் தூக்கவில்லை. அவள் குரல் தேய்ந்தபோது ஒலிப்பதிவு லெவலைக் கொஞ்சம் கூட்டினேன்.

"டேக் ஓகே. எந்திரிம்மா" என்றார் டைரக்டர், பெட்டியைத் திறந்து.

நடுவில் லைன் கட்டாகிவிட்டது, எனக்கு எதுவும் கேட்கவில்லை என்று உங்களிடமும் அவள் அம்மாவிடமும் அன்று சொன்னேன். லைன் கட்டாகவில்லை. இன்ஹேலரும் தொலையவில்லை. இதோ, உங்கள் மேசையில் வைக்கிறேன்.

மறுபடி எடுக்க ஆள் இல்லை. அதனால் படத்தில் அந்த டேக்தான் இருக்கிறது. "டேய், பூட்டினவனுக்கு இந்த மாசம் சம்பளம் கிடையாதுடா" என்று வேறொரு பெண் டப்பிங் பேசினாள். அதை அவள் மூச்சின்மேல் பொருத்தியவன் நான். தியேட்டரில் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

அந்த இடத்தில் அவள் சொன்னது வேறு.

"ஏங்க... உங்களுக்குக் கேக்குதுல்ல?"