கழுவி வந்த கால்கள்

ரமணன்: ...அதனாலதான் சொல்றேன் தர்ஷி, பெருமைக்காக இல்ல, உண்மைங்கிறதுக்காக. நாலந்தாவுல இருந்து எல்கடுவ வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும், மனசுல ஒரு பொட்டு அழுக்கில்லாத வாலிபன் ஒருத்தன்தான் கிடைப்பான்.

தர்ஷிகா: அவன் இப்ப குழாயை மூடாம பேசிக்கிட்டு நிக்கிறான். பேசின் வழியுது.

ரமணன்: வழியட்டும். நிரம்பி வழியிறதைப் பத்தி பைபிள்லயே இருக்கு.

தர்ஷிகா: பிளாஸ்டிக் பேசினைப் பத்தி இல்ல. மூடு.

ரமணன்: மூடிட்டேன். இப்பக் கேளு. அழுக்கில்லாதவன் எதுக்கு இன்னொருத்தன் காலைப் புடிக்கணும்? நான் யார்கிட்டயும் மன்னிப்புக் கேக்க வேண்டிய நிலைமையில இல்ல. அதனால இன்னிக்கு ஆராதனையில தண்ணி புடிப்பேன், துவாய் மடிப்பேன், கதிரை தூக்குவேன். கால் மட்டும் தொடமாட்டேன்.

தர்ஷிகா: வாலிபர் ஐக்கியத்துல ஆளுக்கொருத்தர் காலைக் கழுவணும்னு பாதர் சொல்லிட்டாரு. பெரிய வியாழன் வந்தா அவர் ஒருத்தரே குனிஞ்சு குனிஞ்சு கழுவி, இடுப்புப் போயிருச்சாம்.

ரமணன்: அப்ப இது ஆன்மீகம் இல்ல. இடுப்பு வலி.

தர்ஷிகா: இயேசுவே சீஷர்கள் காலைக் கழுவினாரு. உனக்கு என்ன வந்துச்சு?

ரமணன்: அவங்க காலு கழுவுற மாதிரி இருந்துச்சு. மண்ணு ரோட்டுல நடந்து வந்த காலு. இங்க சேர்ச்சுக்குள்ள போய்ப் பாத்தேன். எல்லாரும் வீட்டுலயே கழுவிட்டு வந்திருக்காங்க. கலாராணி அக்கா நகத்துக்கு ரோஸ் கலர் பூசியிருக்காங்க. நிரஞ்சன் அண்ணன் காலுக்குப் பவுடர் போட்டிருக்காரு. மனுஷன் கல்யாணத்தன்னிக்கு மூஞ்சிக்கே போடல.

தர்ஷிகா: கழுவுறவங்களுக்கு அருவருப்பா இருக்கக்கூடாதுன்னுதான்...

ரமணன்: சலவைக்குப் போடுறதுக்கு முன்னாடி துவைச்சு அயன் பண்ணிக் குடுக்கிற மாதிரி. ஜுனைதீன் நானா கடையில செருப்பு முடிஞ்சுபோச்சு, தெரியுமா? ‘தம்பி, உங்க பெருநாள் டிசம்பர்லதானே, இப்ப எதுக்கு எல்லாரும் செருப்பு வாங்குறாங்க’ன்னு கேக்குறாரு. ‘கழட்டுறதுக்குத்தான் நானா’ன்னேன்.

தர்ஷிகா: சிரிக்க வைக்காத. துவாய் விழுந்துரும்.

ரமணன்: இதுல அழுகை வேற. போன வருஷம் பாதர் தண்ணி ஊத்தினதும் நிரஞ்சன் அண்ணன் விம்மி விம்மி அழுதாரு. எல்லாரும் உருகிப்போயிட்டாங்க. தண்ணி சூடுன்னு அப்புறம்தான் தெரிஞ்சது.

தர்ஷிகா: பேதுருவும் உன்னை மாதிரித்தான் முதல்ல முரண்டு புடிச்சாரு.

ரமணன்: பேதுரு கழுவ விடமாட்டேன்னாரு. நான் கழுவமாட்டேங்கிறேன். ரெண்டும் வேற டிப்பார்ட்மென்ட். சரி, அந்தக் கடைசிக் கதிரையில யாரு உக்காருறது?

தர்ஷிகா: இந்தத் துவாயை அந்தப் பக்கம் வை.

ரமணன்: கேக்குறேன்ல.

தர்ஷிகா: சசிக்குமார்.

ரமணன்: அவன்தான் கிறிஸ்மஸ் ஒளி விழாவுக்கு அப்புறம் இந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்கலையே.

தர்ஷிகா: நேத்து அவங்க வீட்டுக்குப் போன் பண்ணினேன். கதிரை போட்டு வைக்கிறேன்னு சொல்லியிருக்கேன்.

ரமணன்: ஆள் வராத கதிரை. அப்ப அதை எனக்கே குடுத்துரு. என் கொள்கைக்கும் பங்கம் வராது.

தர்ஷிகா: உனக்குத்தான் வச்சிருக்கேன்.

ரமணன்: ...ஏன், எனக்கு ஏன்?

தர்ஷிகா: நடிக்காத ரமணா.

ரமணன்: நடிக்கிறது எனக்கு ஆண்டவர் குடுத்த தாலந்து. ஒளி விழாவுல எவ்வளவு கைதட்டல்...

தர்ஷிகா: நானும்தான் தட்டினேன். முதல் பாதிக்கு. சசி ஜெபம் பண்ற மாதிரி, ரெண்டு சொல்லுக்கு ஒரு ‘ஆண்டவரே’ போட்டியே... அதுக்கு சசியே விழுந்து விழுந்து சிரிச்சான்.

ரமணன்: பாத்தியா?

தர்ஷிகா: அப்புறம்?

ரமணன்: அப்புறம்... கரண்ட் போயிருச்சு.

தர்ஷிகா: போகல. போயிருந்தா நல்லா இருந்திருக்கும். அப்புறம் நீ ஒரு போத்தலைக் கையில எடுத்த.

ரமணன்: அது வெறும் சர்பத் போத்தல்.

தர்ஷிகா: ‘ஆண்டவரே, எங்கப்பா கையில இருக்கிற போத்தலைப் புடுங்கிரும் ஆண்டவரே, புடுங்க முடியாட்டி மூடியையாவது நல்லா இறுக்கி விடும் ஆண்டவரே’ன்னு...

ரமணன்: வசனம் நல்ல வசனம்.

தர்ஷிகா: வெள்ளிக்கிழமை ஜெப வட்டத்துல, கண்ணை மூடிக்கிட்டு நாம கையைக் கோத்து இருக்கிறப்ப, சசி அழுதுக்கிட்டே சொன்ன விண்ணப்பம்டா அது! வட்டத்துல சொன்னது வட்டத்தோட நிக்கணும். நம்ம ஐக்கியத்துல இருக்கிறதே அந்த ஒரு சட்டம்தான்.

ரமணன்: நான் பேர் சொல்லலையே.

தர்ஷிகா: சசியோட சட்டையை இரவல் வாங்கிப் போட்டுக்கிட்டு, சசியோட கிட்டாரைத் தோள்ல மாட்டிக்கிட்டு நிக்கிற. பேர் வேற எதுக்கு? அவங்கப்பா சேர்ச்சுக்கே வராத மனுஷன். மகன் வாசிக்கிறதைப் பாக்கணும்னு முதல் தடவையா வந்து, முன் வரிசையில உக்காந்திருந்தாரு.

ரமணன்: அது எனக்குத் தெரியாது தர்ஷி. சத்தியமா. சசி யாரையும் வீட்டுப் பக்கம் கூட்டிட்டுப் போனதில்ல. நான் அவரைப் பாத்ததே இல்ல.

தர்ஷிகா: எழும்பி வெளியில போனப்பத் தெரிஞ்சிருக்கும்.

ரமணன்: பாத்ரூமுக்குப் போறாருன்னு நினைச்சேன்.

தர்ஷிகா: நெசமாவா?

ரமணன்: நினைச்சுப் பாத்தேன். நம்ப முடியல.

தர்ஷிகா: இப்ப யாருக்கு நட்டம்? கிட்டார் இல்லாம போன்ல மியூசிக் போட்டுப் பாடுறோம். போன ஞாயிறு பாவ அறிக்கை முடிஞ்சு எல்லாரும் தலையைக் குனிஞ்சிருக்கிறப்ப சீமெந்து விளம்பரம் ஓடுது.

ரமணன்: ‘தலைமுறைக்கும் அசையாது’ன்னு. பொருத்தமாத்தான் இருந்துச்சு.

தர்ஷிகா: ஒரு தடவை எல்கடுவையில சசி வீட்டுக்குப் போய், பிழை நடந்துருச்சுன்னு சொல்லியிருந்தா இவ்வளவும் இல்ல.

ரமணன்: மன்னிப்புக் கேக்குறது வெத்தலை போடுற மாதிரி தர்ஷி. ஒரு தடவை வாயில வச்சா அப்புறம் விடாது. நாளைக்கு நிரஞ்சன் அண்ணன்கிட்ட கேக்கணும், நாளன்னிக்கு உன்கிட்ட கேக்கணும். எனக்கு வேற வேலை இருக்கு.

தர்ஷிகா: உன்கூட ஐக்கியமா இருக்கிறதுக்கே ஒரு தனி விசுவாசம் வேணும்.

பொன்னுத்துரை: பிள்ளைங்களா... இந்தக் குழாயில கொஞ்சம் காலைக் கழுவிக்கலாமா?

தர்ஷிகா: ஐயோ, பொன்னுத்துரை மாமா! வாங்க, வாங்க. ரமணா, இவருதான் சசியோட...

ரமணன்: தெரியும்.

தர்ஷிகா: என்ன மாமா இது, முழங்கால் வரைக்கும் சேறு! ரத்தம் வேற ஓடுது!

பொன்னுத்துரை: மேல நல்ல மழைம்மா. ரோட்டுல மரம் விழுந்து பஸ் வரல. தேயிலைக்குள்ளால குறுக்க இறங்கி வந்து, கீழ ஆட்டோ புடிச்சேன். இது அட்டை. வயிறு நிறையக் குடிச்சிட்டுத்தான் விடும். குடிகாரனையே குடிக்கிற குடிகாரப் பயலுக.

தர்ஷிகா: சசி?

பொன்னுத்துரை: வரமாட்டேன்னு நிக்கிறான். கதிரை போட்டிருக்குன்னு சொன்னியே... வெறுங்கதிரையா கிடந்தா நல்லா இருக்காதேன்னு நான் வந்தேன்.

தர்ஷிகா: ரொம்ப சந்தோஷம் மாமா. ரமணா, மாமாவுக்குத் தண்ணி ஊத்து. நான் துவாயை உள்ள குடுத்துட்டு வர்றேன்.

ரமணன்: நீ ஊத்து. துவாயை நான் கொண்டு போறேன்.

தர்ஷிகா: நான் போயிட்டேன்.

ரமணன்: தர்ஷி! ஏய், தர்ஷி...

பொன்னுத்துரை: போயிருச்சு. நீதானே தம்பி அன்னிக்கு நடிச்சது?

ரமணன்: ஆமாங்க மாமா.

பொன்னுத்துரை: நல்லா நடிச்ச. ஒரே ஒரு பிழை. போத்தலைக் கழுத்துல புடிச்ச. குடிக்கிறவன் கழுத்துல புடிக்கமாட்டான். கைப்பிள்ளையைத் தூக்குற மாதிரி அடியில தாங்குவான். கீழ விழுந்துரக்கூடாதுல்ல.

ரமணன்: இனிமே கவனமா இருக்கேன் மாமா.

பொன்னுத்துரை: இனிமேலும் நடிக்கப் போறியா?

ரமணன்: ஐயோ இல்ல மாமா! வாய் தவறி வந்துருச்சு.

பொன்னுத்துரை: அந்த மூடியை இறுக்கச் சொன்னியே... ஒரு நாள் லயத்து வீட்டுல தனியா உக்காந்திருக்கிறப்ப அது ஞாபகம் வந்து சிரிச்சிட்டேன். அப்புறம் சசியைக் கூப்பிட்டுக் கேட்டேன். நெசமாவே எனக்காக அப்படி ஜெபம் பண்ணினியாடான்னு. ஆமான்னான். எனக்காக ஒருத்தன் கண்ணை மூடிக்கிட்டு அழுதிருக்கான்... அது எனக்கு உன்னாலதான் தெரிஞ்சது.

ரமணன்: அப்படி நினைச்சு நான் செய்யல மாமா.

பொன்னுத்துரை: அது எனக்கும் தெரியும். அதனால நன்றி சொல்ல வரல. அன்னிக்கு முன் வரிசையில இருந்து கதவு வரைக்கும் நடந்தேன் பாரு... உங்க சேர்ச்சு ரொம்ப நீளம் தம்பி.

ரமணன்: ...இப்ப... விட்டுட்டீங்களா மாமா?

பொன்னுத்துரை: விட்டேன்னு சொல்லமாட்டேன். இன்னிக்குக் குடிக்கல. நேத்தும் குடிக்கல. நாளைக்கு உள்ளதை நாளைக்குப் பாப்போம். குழாயைத் திற தம்பி. இந்தச் சுவரைப் புடிச்சுக்கிட்டு நானே கழுவிக்கிறேன்.

ரமணன்: வழுக்கும் மாமா. இந்தக் கல்லுல உக்காருங்க.

பொன்னுத்துரை: ஏய், ஏய்... என்ன பண்ற? காலை விடு!

ரமணன்: அசையாதீங்க. விரலுக்கு நடுவுல இன்னும் ஒன்னு ஒட்டிக்கிட்டு இருக்கு.

பொன்னுத்துரை: கை அழுக்காகும்ப்பா.

ரமணன்: தண்ணி இருக்கு மாமா.

பொன்னுத்துரை: நான் உங்க வேதக்காரன் இல்ல. மாரியம்மன் தேருக்கு வெறுங்காலோட நடக்கிற காலு இது. உங்க பாதர் உன்னை ஏசமாட்டாரா?

ரமணன்: உள்ள இருக்கிற ஒரு காலுலயும் கழுவ ஒன்னுமில்ல. இதைப் பாத்தா பாதர் சந்தோஷத்துல அழுதுருவாரு. எரியுதா?

பொன்னுத்துரை: கூசுது. எங்கம்மாவுக்குப் பிறகு யாரும் தொட்டதில்ல.

ரமணன்: மாமா...

பொன்னுத்துரை: சொல்லு.

ரமணன்: அன்னிக்கு நான்... கொஞ்சம் சவுக்காரம் போடட்டுமா?

பொன்னுத்துரை: போடு.

ரமணன்: அன்னிக்கு எல்லாரும் சிரிச்சாங்க மாமா. அதனால நிப்பாட்ட முடியல. இல்ல... முடிஞ்சிருக்கும். நான்தான் நிப்பாட்டல. நான் செஞ்சது பெரிய பிழை. மன்னிச்சுக்கங்க.

பொன்னுத்துரை: மத்தக் காலும் இருக்கு.

ரமணன்: ஆ... நீட்டுங்க.

தர்ஷிகா: ரமணா! எல்லாரும் உக்காந்தாச்சு! அங்க என்ன பண்ற?

ரமணன்: பேசின் கழுவிக்கிட்டு இருக்கேன்! வர்றேன்!

பொன்னுத்துரை: ஏன் தம்பி பொய் சொல்ற?

ரமணன்: கொஞ்சம் முன்னாடிதான் பெரிசா ஒரு பேச்சுப் பேசினேன் மாமா. அது ஆறட்டும்.

பொன்னுத்துரை: கேட்டோம்.

ரமணன்: கேட்டீங்களா? எங்க இருந்து?

பொன்னுத்துரை: இந்த மதிலுக்கு அந்தப் பக்கம் நின்னுதான். ரெண்டு பேரும்.

ரமணன்: ரெண்டு பேரா?

பொன்னுத்துரை: சசி அங்கதான் நிக்கிறான். இறங்கி வர்ற வழியெல்லாம் எனக்கும் அவனுக்கும் ஒரே வாக்குவாதம். ‘ரமணன் உங்க காலைத் தொடமாட்டான்ப்பா, தூர நின்னு தண்ணிதான் ஊத்துவான்’னான். தொடுவான்டான்னு நான் சொன்னேன். தொட்டா, இன்னிக்கே உள்ள வந்து வாசிக்கணும்னு பேச்சு.

ரமணன்: அப்ப அவன் தோத்துட்டான்.

பொன்னுத்துரை: கிட்டாரை மழைக்கு உர பேக்ல சுத்தி முதுகுல கட்டிக்கிட்டு வந்திருக்கான். தோக்கணும்னுதான் வந்திருக்கான் போல.

ரமணன்: ...நான் தொடுவேன்னு நீங்க எப்படிச் சொன்னீங்க மாமா? எனக்கே தெரியாதே.

பொன்னுத்துரை: கிட்ட வா, மெதுவாச் சொல்றேன். அவனுக்குத் தெரியாத ஒன்னு எனக்குத் தெரியும். போன ஞாயித்துக்கிழமை, கொட்டுற மழையில ஒரு பையன் எங்க லயத்துக்கு வந்தான். கதவு வரைக்கும் வந்தான். தட்டுறதுக்குக் கையைத் தூக்கினான், இறக்கினான், தூக்கினான்... அப்புறம் திரும்பிப் போயிட்டான். காலெல்லாம் அட்டை. ஜன்னல்ல இருந்து பாத்துக்கிட்டேதான் இருந்தேன். கூப்பிட்டிருக்கலாம். எனக்கும் வெக்கமா இருந்துச்சு.

ரமணன்: அதை சசிகிட்ட சொல்லிராதீங்க மாமா, தர்ஷிகிட்டயும் வேணாம்... அவனைக் கூப்பிடுங்க, நான் தண்ணியை மாத்தி வைக்கிறேன்.