இனிமே நல்லா குடுக்கும்

பெயர் சத்யா, வயது 31, தகப்பனார் பெயர் ராஜாங்கம், கீழத்தெரு, வடக்குத்து. நான் மேற்கண்ட விலாசத்தில் குடியிருந்துகொண்டு, அனல்மின் நிலைய கேண்டீனில் காண்ட்ராக்டில் பாத்திரம் கழுவும் வேலை செய்து வருகிறேன். 18.08.2016-ஆம் தேதி அரசு மருத்துவமனையில் உள்நோயாளியாக இருக்கும் நான், நல்ல நினைவோடு, யாரும் சொல்லிக்கொடுக்காமல் சொல்வதாவது.

என் தங்கை வெண்மதியை டிப்பர் லாரி ஓட்டும் சுதாகர் என்பவனுக்குக் கட்டிக்கொடுத்தோம். அவன் குடித்தாலும் அடிப்பான், குடிக்காவிட்டாலும் அடிப்பான். கடைசியாக இஸ்திரிப் பெட்டியால் அவள் தொடையில் சூடு வைத்தான். அதன் பிறகு அவள் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஊர்ப் பெரியவர்கள் கூடி, "புருசன்னா ரெண்டு அடி அடிக்கத்தான் செய்வான், அனுசரிச்சிப் போம்மா" என்றார்கள். உங்கள் மகள் தொடையில் சூடு விழுந்தால் அனுசரிப்பீர்களா என்று கேட்டேன். எனக்கு வாய் நீளம் என்று எழுந்து போய்விட்டார்கள்.

அதன் பிறகு வெண்மதி நகரியம் மெயின் பஜாரில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். தினமும் சாயங்காலம் என் ஸ்கூட்டரில் போய் அவளைக் கூட்டி வருவேன். வழியில் ரவுண்டானாவைத் தாண்டி ஒரு வேகத்தடை உண்டு. வண்டி அங்கே எப்படியும் மெதுவாகத்தானே ஆக வேண்டும் என்று சுதாகர் அந்த இடத்தில் வந்து நிற்பான். ஒருமுறை ஓடும் வண்டியில் என் பின்னால் உட்கார்ந்திருந்தவளின் சடையைப் பிடித்து இழுத்தான். "என்கூட வாழலன்னா பொணமாத்தான் போவ" என்றான். இதை அப்பாவிடம் நாங்கள் சொல்லவில்லை. சொன்னால் அவர் அரிவாளை எடுத்துக்கொண்டு போவார், அவர் ஜெயிலுக்குப் போனால் எங்களுக்கு யார் இருக்கிறார்கள்.

ஆகவே நான் மெக்கானிக் குஞ்சிதபாதம் அண்ணனிடம் போய், "வேகம் வேணாண்ணா, வேகத்தடைய தாண்டுனதும் வண்டி துள்ளிக்கினு போவணும்" என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கியர் இல்லாத வண்டியில் பெல்ட் ஓடுகிற இடத்தில் ஆறு உருளைகள் இருக்கின்றன என்றும், கனம் குறைந்த உருளை போட்டால் எடுத்ததுமே சீறும் என்றும் சொன்னார். "ஆனா ஒண்ணு சத்யா, டாப்புல போவாது. பெட்ரோலும் குடிக்கும்" என்றார். குடிக்கட்டும், குடிகாரனுக்கு இது மேல் என்று அதையே போடச் சொன்னேன்.

மறுநாளே சுதாகர் நின்றான். நான் வண்டி தடையைத் தாண்டியதும் ஆக்சிலேட்டரைத் திருகினேன். அவன் நீட்டிய கை காற்றைத்தான் பிடித்தது. அவன் பைக்கை உதைத்துத் திருப்புவதற்குள் நாங்கள் கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கு, ஆட்கள் நடுவில் போய்விட்டோம். வெண்மதி என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு, "அக்கா, அவன் மூஞ்சிய பாத்தியா" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். அதன் பிறகும் சில தடவை அப்படியே தப்பித்தோம்.

சம்பவத்தன்று நான் ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடித்து வந்து தூங்கிவிட்டேன். சாயங்காலம் எழுந்தபோது அப்பா வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "வண்டிய பாத்து வெச்சிருக்கேன். இனிமே நல்லா குடுக்கும்" என்றார். எங்கள் அப்பாவுக்கு எந்த வண்டியைப் பார்த்தாலும் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் குடுக்குது என்ற ஒரே கேள்விதான். பிளக்கைத் துடைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு கிளம்பினேன். போகும்போது வண்டியின் இரைச்சல் குறைந்திருந்தது. நல்லதுதான் என்று இருந்துவிட்டேன்.

அதன் பிறகு வெண்மதியை ஏற்றிக்கொண்டு திரும்பினேன். வேகத்தடையில் சுதாகர் நின்றான். "கெட்டியா புடிச்சிக்கோடி" என்று சொல்லிவிட்டுத் தடையைத் தாண்டியதும் முழுக்கத் திருகினேன். வண்டி துள்ளவில்லை. படுத்திருந்த எருமை எழுந்திருப்பது போல மெல்ல எழுந்தது. அவன் எட்டி உதைத்தான். வண்டி என் மேல் விழுந்து, சைலன்சர் காலில் ஒட்டிக்கொண்டு சதை கருகியது. "அக்கா, வண்டிக்கு என்னாச்சி?" என்று வெண்மதி கேட்டாள். அவள் பேசியது அவ்வளவுதான். அவன் அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து, இடுப்பிலிருந்த கத்தியால் கழுத்தில் ஒன்றும் வயிற்றில் பல தடவையும் குத்தினான். அவள் கத்தியைக் கையால் பிடித்தாள், விரல்கள் அறுந்து தொங்கின.

நான் வண்டியைத் தள்ளிவிட்டு எழுந்து, ஹெல்மெட்டைக் கழற்றி அவன் மூஞ்சியில் அடித்தேன். அவன் கத்தியை வீசியதில் என் வலது கை கிழிந்தது. கையை மாற்றிக்கொண்டு அடித்தேன். கத்தி கீழே விழுந்தது, அவனும் விழுந்தான். பல் உடைந்து ரத்தத்தோடு வந்தது. அதன் பிறகும் அடித்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கிய ஷிப்ட் ஆட்கள் என்னைப் பிடித்து இழுத்தார்கள். தற்காப்புக்கு அடித்தாயா, கோபத்தில் அடித்தாயா என்று அய்யா கேட்கிறீர்கள். முதல் அடி தற்காப்பு. மற்றதெல்லாம் கோபம், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அவன் தாடை உடைந்து இதே ஆஸ்பத்திரியில் போலீஸ் காவலில் கிடப்பதாகச் சொன்னார்கள். அந்தப் பாவி பிழைத்துக்கொண்டான், என் தங்கை ஆம்புலன்சிலேயே போய்விட்டாள்.

அதன் பிறகு அப்பா வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டி கிளம்பவில்லை என்று பஸ்காரர்கள் அவரிடம் சொல்லியிருந்தார்கள் போலிருக்கிறது. "அது எப்புடிம்மா? மத்தியானம்தான் மந்தாரக்குப்பத்துல ஒரு மெக்கானிக்கிட்ட குடுத்து பாத்தேன். எவனோ உள்ள கனமில்லாத உருளைய போட்டு நம்மள ஏமாத்தியிருந்தான். அதான் முப்பது கூட குடுக்கல. அதெல்லாம் புடுங்கிட்டு கம்பெனி உருளையே போட வெச்சேன். நல்லாத்தானே ஓடிக்கினு இருந்திச்சி" என்றார்.

"ஆமாப்பா, நல்லாத்தான் இருந்திச்சி. பதட்டத்துல நான்தான் சரியா திருகல" என்றேன். அப்பா என் தலையைத் தடவி, "உம்மேல தப்பு இல்லம்மா" என்றார்.

எழுதியதை அய்யா வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, அத்தனையும் உண்மை. அப்பாவிடம் சொன்ன அந்த ஒன்று மட்டும் பொய், அது பொய் என்றே இதில் இருக்கட்டும். கோர்ட்டில் இதைப் படிக்கும் நாளில், உருளை சமாச்சாரம் வருகிற இடத்தில் எங்கள் அப்பாவைக் கொஞ்சம் வெளியே உட்கார வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வலது கையில் கட்டு இருப்பதால் இடது பெருவிரல் ரேகை: ரா. சத்யா

என் முன்பாக: வெள்ளைச்சாமி, சிறப்பு உதவி ஆய்வாளர்