பெயிலுக்கு ஒரு டீ

அப்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் காலேஜ் போகும் பெண் என்றால் எல்லோரும் திரும்பிப் பார்ப்போம். எண்ணூரிலிருந்து ராயபுரம் வந்த பஸ்ஸில் அப்படி ஒரு பெண், மீன் விற்கும் தன் அம்மாவோடு எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். எனக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும். ஆனால் காது சுத்தமாகக் கேட்கும்.

“பெயிலாச்சுன்னு சொன்னதுக்கு மிஸ்ஸு கேன்டீனுக்கு இட்டுகினு போயி டீ வாங்கிக் குடுத்தாங்கம்மா” என்றாள் மகள்.

“பெயிலா? போச்சுடி! பெயிலானா படிப்ப நிறுத்திட்டு கண்ணாலம் பண்ணி வச்சிடுவேன்னு உங்க நைனா சொல்லிகீறாரே!”

“ஐய, நான் பெயிலு இல்லம்மா. ஆராய்ச்சிதான் பெயிலு. ஆத்துத் தண்ணி ஒரு தொட்டில, சுத்தமான கடல் தண்ணி ஒரு தொட்டில ஊத்தி எறா வுட்டோம். ஆத்துத் தண்ணிதான் எறாவக் கொல்லுதுன்னு காட்டலாம்னு பாத்தா, சுத்தமான தண்ணி எறாவும் செத்துப்போச்சு.”

“எறா செத்ததுக்கா டீ?”

“ஆமா. ‘நாம நெனச்சது தப்புன்னு தெரிஞ்சுது, இப்பதான் ஆராய்ச்சியே ஆரம்பிக்குது’ன்றாங்க. ஏன் செத்துதுன்னு என்னையே கண்டுபுடிக்கச் சொல்லிகீறாங்க. நாளிக்கே வரணுமாம்.”

அம்மாக்காரி கூடையைக் காலடியில் தள்ளிவிட்டு மகள் பக்கம் திரும்பினாள்.

“அந்த மிஸ்ஸு எப்பனா பெயிலாகிகீறாங்களா?”

“நெறைய தபாவாம். கேட்டா சிரிக்கிறாங்க.”

“அப்ப சரி. உங்க நைனா கேட்டா, எறாதான் பெயிலு, பொண்ணு பாஸுன்னு நான் சொல்லிக்கிறேன். நாளிக்கு நீ போவசொல்ல துள்ளுற எறாவா எடுத்துத் தரேன்.”