வெள்ளைக்கல் இருந்த குவியல்

‘நாங்க பாடுபட்டு அடுக்குன கல்லை ஒரே உதையில தள்ளிட்டீங்களே, உங்களுக்கு ரசனையே கிடையாதா’ன்னு வாசல்ல நின்னு கத்துறீங்களே தம்பி, கிடையாதுதான். உள்ள வந்து கத்துங்க. கதவு திறந்து கிடந்தா மூடுபனி அடுப்படி வரைக்கும் வந்துரும்.

உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அது எவாரிஸ்தோவோடது. என் வீட்டுக்காரர். இந்த கிரேதோஸ் மலைப் பாதையைப் பாத்துக்கறது அவர் வேலை. மத்ரித் பட்டணத்துலேர்ந்து வர்றவங்க போட்டுட்டுப் போற குப்பையைப் பொறுக்கறதும் அவர்தான். உங்களைச் சொல்லல. சரி, உங்களையும் சேத்துத்தான்.

ஊத்துப் பக்கத்துல நீங்க கட்டுன கோபுரத்தை நான்தான் தள்ளினேன். கன்னியாஸ்திரீங்ககிட்ட படிச்சவ, மறைக்க மாட்டேன். மறுபடி கட்டினா மறுபடி தள்ளுவேன். இங்க கல்லு மேல கல்லு இருந்தா, பாதை இந்தப் பக்கம்னு அர்த்தம். போட்டோ புடிக்க இல்ல. மூடுபனி இறங்கிட்டா நீட்டின கை தெரியாது, அந்தக் குவியலை நம்பித்தான் இறங்கணும். குளிர்காலம் முடிஞ்சதும் ஊரே மேல போயி, சரிஞ்சு கிடக்கறதை எல்லாம் திரும்ப அடுக்குவோம். உச்சியில ஒரு வெள்ளைக்கல் வைப்போம். அது இருந்தாத்தான் ஊர் வச்ச குவியல்.

என்ன, ஒரு இடத்துல நிக்க மாட்டேங்கறேனா? ஜன்னல்தானே பாக்கறேன், உங்களுக்கென்ன. காலையில போனவர், சாப்பாட்டுக்கு வந்துடறேன்னார். உருளைக்கிழங்கு மசியலை ரெண்டு தடவை சுட வச்சாச்சு. நீங்களாவது சாப்பிடுங்க. விஷமெல்லாம் வைக்கல.

மேல அவரைப் பாக்கலயா? அவர் திட்டறதைக் கேட்டிருந்தா, நான் திட்டறது உங்களுக்குத் தாலாட்டா இருந்திருக்கும்.

போனைக் காட்டறீங்களா? காட்டுங்க, என்னதான் ரசனைன்னு பாப்போம். இது ஊத்து. இது உங்க சிநேகிதியா? அந்தச் சட்டை இந்தக் குளிருக்குக் காணாதுன்னு சொல்லுங்க. இது... இது எந்த இடம்? கணவாய்ல, பாதை ரெண்டாப் பிரியுமே, அங்கயா? இதை இடது பக்கமாவா கட்டினீங்க? அந்தப் பக்கம் போனா பாறை விளிம்பாச்சே. மேல வெள்ளையா இருக்கே, அது எங்க கிடைச்சது?

பக்கத்துல ஒரு சின்னக் குவியல் மேல இருந்துச்சா. எடுத்து இதும்மேல வச்சா எடுப்பா இருந்துச்சா. ஆமா. எடுப்பாத்தான் இருக்கு.

எழுந்திருங்க தம்பி. அந்த பெஞ்சுக்கு அடியில என் பூட்ஸ் இருக்கும், இப்படித் தள்ளுங்க.

இத்தனை வருஷமா நடந்த பாதை, கண்ணைக் கட்டி விட்டாலும் வந்துருவாரேன்னு நினைக்கறீங்க. அதுல பாருங்க, அவருக்கு இப்பல்லாம் கண்ணு சரியாத் தெரியறதில்ல. ஆபீசுக்குத் தெரிஞ்சா மலையை விட்டு இறக்கிருவாங்கன்னு அவரும் வாயைத் திறக்கல, நானும் திறக்கல. நல்ல வெயில்லயே வெள்ளை மட்டும்தான் கண்ணுல படும். ஒரு வெள்ளைக்கல்லுலேர்ந்து அடுத்த வெள்ளைக்கல், அப்படித்தான் வீடு வந்து சேருவார்.

உங்க போனுக்கு இங்க சிக்னல் கிடைக்காது. தெரு முனையில பெனீத்தா கடையில சொன்னா, மீட்புப் படைக்கு அவ போன் பண்ணுவா. கண்ணு விஷயத்தையும் சொல்லிரலாம், வேலை போனா போகட்டும். அவங்க வர்றதுக்குள்ள நாம பாதி மலை ஏறிரலாம். நீங்க வச்ச இடத்தை எனக்குக் காட்டினா போதும்.

ஏன் கரண்டியைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருக்கீங்க? கூட வாங்க தம்பி.

தம்பி, கூட வாங்க.